கொண்டலுக்கு ஏற்ற புரொப்பல்லர்

ஜூன் 9, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து நேரே படகுத்துறைக்குப் போனேன். நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது. என்ஜினை ஓடவிட்டுச் சுக்கான் கட்டையின் மேல் கையை வைத்தால் கட்டை கிடுகிடுவென்று ஆடுகிறது. இறுக்கிப் பிடித்தால் குறைகிறது, பிடியைத் தளர்த்தினால் மறுபடியும் ஆரம்பிக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடம் டக், அதாவது இழுவைக் கப்பல், ஓட்டியவன் நான். மலை மலையாக வந்த கப்பல்களையெல்லாம் வடம் போட்டு இழுத்துவந்து கரையில் கட்டியிருக்கிறேன். இந்த இருபத்திரண்டு அடிப் பாய்ப்படகு என்னிடம் வாலாட்டிப் பார்க்கிறது.

படகின் பெயர் கொண்டல். கீழ்க்காற்றின் பெயர். ஊரைவிட்டுப் போன ஒரு இஞ்சினியரிடம் இருந்து வாங்கியது. பாய் இருக்கிறது, காற்று கைவிட்டால் ஓட்டிக்கொள்ளச் சின்ன டீசல் என்ஜினும் இருக்கிறது. வாங்கியதற்குக் காரணம் என் மச்சினன் இராயப்பு. பெர்பெத்துவாவைக் கட்டி மணப்பாட்டிலிருந்து அழைத்துவந்த அன்றைக்கே, பந்தியில் அத்தனை பேருக்கும் கேட்க, மச்சான் ஓட்டுவது கப்பல் இல்லை, கப்பல் இழுக்கிற மாடு என்றான். அன்றிலிருந்து எந்த நல்லது கெட்டது என்றாலும் அந்த மாட்டை அவிழ்த்துவிடுவான். போன வருடம் எனக்கும் பொறுக்கவில்லை. அடுத்த திருச்சிலுவைத் திருவிழாவுக்கு உன் அக்காவைக் கடல் வழியாக, பாய் விரித்து, என் கையால் ஓட்டிவந்து உன் கரையில் இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். திருவிழாவுக்கு முந்தின நாள், செப்டம்பர் பதிமூன்று. அதற்குள் இந்த நடுக்கம் ஒழிய வேண்டும்.

ஜூன் 11

தொம்மை வந்தான். டக்கில் என்னோடு என்ஜின் பார்த்தவன். இப்போது மீன்பிடித் துறைமுகத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். படகைக் கரையேற்றி, புரொப்பல்லரைச் சுற்றுகிற சாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தான், பேரிங்கை ஆட்டிப் பார்த்தான், என்ஜின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்தான். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். மறுபடி தண்ணீரில் இறக்கி ஒரு சுற்றுப் போனோம். சுக்கானை அவனிடம் கொடுத்தேன். பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அண்ணாச்சி என்றான்.

என்ஜின் சத்தத்தில் உனக்குக் காதுதான் போயிற்று என்று நினைத்தேன், கையும் சேர்த்துப் போய்விட்டதா என்று கேட்டேன். சிரித்தான்.

சாஃப்ட் இல்லை, பேரிங் இல்லை என்றால் மிச்சம் புரொப்பல்லர்தான். இருப்பது மூன்று இலை வெண்கலப் புரொப்பல்லர். பழசு. ஒரு இலை எங்கேயோ இம்மி வளைந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவு கைக்குத் தெரியும். மாற்றிவிட வேண்டியதுதான்.

ஜூன் 12

பேனா சரியில்லை. எழுத்து எறும்பு ஊர்ந்தது மாதிரி வருகிறது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

வார்ப்புப் பட்டறையில் சொல்லிவைத்த ரெண்டு இலைப் புரொப்பல்லரை நேற்று மாட்டினோம். கேவலம் என்றால் அப்படி ஒரு கேவலம்.

தப்பு என்னுடையதுதான், எழுதிவைக்கிறேன். திருகாணி ஒரு சுற்றில் மரத்துக்குள் எவ்வளவு ஏறும் என்று ஒரு கணக்கு உண்டல்லவா, புரொப்பல்லருக்கும் அது உண்டு. பிட்ச் என்போம். டக்குக்கு வேகம் வேண்டாம், இழுவைதான் வேண்டும். அதனால் டக் புரொப்பல்லர் அகலமாக இருக்கும், பிட்ச் கொஞ்சமாக இருக்கும். நான் பழக்க தோஷத்தில் பட்டறைக்காரனிடம் அதே கணக்கைச் சொல்லிவிட்டேன். என்ஜின் ஊளையிடுகிறது, படகு மாட்டுவண்டி வேகத்தில் போகிறது. பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, நாம எந்தக் கப்பல இழுக்கப் போறோம்?" என்று தொம்மை கேட்டான். இராயப்பு பக்கத்தில் இல்லாதது மாதா செய்த உபகாரம்.

நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் இல்லை.

கழற்றிய மூன்று இலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெர்பெத்து அதை வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டாள். தெற்கேயிருந்து அடிக்கிற இந்தச் சோழகக் காற்றில் கதவு அடித்து அடித்து அவளுக்குத் தலைவலியாம். வெண்கலம், நல்ல கனம். கதவு இப்போது வாயைத் திறப்பதில்லை.

ஜூன் 30

பெர்பெத்துவுக்கு உடம்பு அசதியாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாருங்கள் என்றாள். போனேன். அந்த டாக்டர் பையன் நல்ல கிறுக்கன். நோயாளி அவள். அவன் என்னடாவென்றால் என்னை அந்தக் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வரச் சொல்கிறான். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொல்கிறான். காபி வாசனை தெரிகிறதா, கருவாட்டு வாசனை தெரிகிறதா என்று கேட்கிறான். தூத்துக்குடிக்காரனிடம் கருவாட்டு வாசனை தெரிகிறதா என்று கேட்கிற டாக்டரை இன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நாளாக ஜலதோஷம், எதுவும் சரியாகத் தெரிவதில்லை என்று சொன்னேன். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் வெகுநேரம் பேசினான்.

வெளியே வந்தவள் முகம் வீங்கியிருந்தது. என்ன சொன்னான் என்றேன். சத்து மாத்திரை எழுதியிருக்கிறான், நமக்கு இரண்டு பேருக்கும் என்றாள். எனக்கு எதற்கு? வயசானவர்களுக்கு நல்லதாம். சரி, விழுங்கிவைப்போம்.

ஜூலை 14, ஞாயிறு

கொச்சியிலிருந்து மடக்குப் புரொப்பல்லர் வந்து மாட்டியாயிற்று. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

என்ன அழகான சாமான். இதற்கும் இரண்டு இலைதான். ஆனால் என்ஜினை நிறுத்திப் பாயில் ஓடும்போது இலை இரண்டும் பின்னால் மடங்கி, கும்பிட்ட கை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைப் பிடித்து இழுக்காது. மூன்று இலை இருந்தபோது படகு ஒரு வாளியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். இன்றைக்கு அலைத்தடுப்புச் சுவருக்கு உள்ளேயே பாயை ஏற்றிப் பார்த்தேன். கொண்டல் வழுக்கிக்கொண்டு ஓடினாள். மனசு நிறைந்துபோயிற்று. மணப்பாடு என்ன, மணப்பாட்டைத் தாண்டியும் போகலாம்.

நடுக்கம் இருக்கிறது. புதுசு, பழகப் பழகப் போய்விடும்.

ஜூலை 15

மடக்குப் புரொப்பல்லரில் ஒரு குறை. ரிவர்ஸில் பிடிப்பில்லை. துறைக்கு வந்து நிறுத்த ரிவர்ஸ் போட்டால், இலைகள் விரிவேனா பார் என்கின்றன. விரிந்தாலும் இழுவை கிடையாது. இன்று சுவரில் லேசாக மோதிவிட்டேன். லேசாகத்தான். முன்னாலேயே கியரை மாற்றியிருக்க வேண்டும், கை வேகமாகப் போகவில்லை. வியர்வையில் வழுக்கியிருக்கும்.

கையில் சரக்கு இருக்கிறவனுக்கு ரிவர்ஸ் எதற்கு? தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, காற்றைப் பார்த்து, படகை அதன் போக்கிலேயே வந்து நிற்கச் செய்ய வேண்டும். எனக்குத் தெரியாததா?

ஜூலை 21

சென்னையிலிருந்து ஜெசிந்தா போன் பண்ணினாள். அப்பா கை எப்படி இருக்கு என்றாள். என் கைக்கு என்ன, உன் மாமியார் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மகள் சிரிக்கவில்லை. அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். பெர்பெத்து போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் காபியைத் தம்ளரில் பாதிதான் ஊற்றித் தருகிறாள். பால்காரன் விலையை ஏற்றிவிட்டானா என்று கேட்டேன். சூடாக இருக்கும், இரண்டு தடவையாகக் குடியுங்கள் என்கிறாள். பொத்தான் வைத்த சட்டைகளையெல்லாம் எடுத்து மேலே வைத்துவிட்டுத் தலைவழியாகப் போடுகிற பனியன் சட்டையாக வாங்கி அடுக்கியிருக்கிறாள். இந்த வயதில் என்னைக் கல்லூரிக்கு அனுப்பப் போகிறாள் போல.

ஜூலை 26

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். ஊரே அங்கேதான். பெர்பெத்து பத்து நாளும் காலையில் செபமாலைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொன்னாள். நல்லது, போகட்டும். அந்த நேரத்தில் நான் படுத்துத் தூங்குவேன். மாத்திரை விழுங்கினால் காலையில் கண் திறப்பதில்லை.

ஆகஸ்டு 2

எவனோ என் படகைத் தொடுகிறான்.

நான் கயிறு சுற்றினால் வலம் சுற்றாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவைப்பேன். முப்பது வருடப் பழக்கம். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கயிறு சேலை மடிப்பு மாதிரி நீளவாக்கில் மடித்துக் கிடக்கிறது. டீசலும் குறைந்திருக்கிறது. தொம்மையிடம் கேட்டேன். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, எலி ஏதாவது இழுத்திருக்கும் என்கிறான். கயிறு மடிக்கிற எலி.

ஆகஸ்டு 5

பெருவிழா. பவனியில் மெழுகுதிரி பிடித்துப் போனேன். உருகின மெழுகு கையெல்லாம் சிந்தியது. பெர்பெத்து திரியை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காற்று பலமாக இருக்கிறது என்றாள். பக்கத்தில் போனவர்கள் திரியெல்லாம் அசையாமல் எரிந்தது.

அவள் உள்ளங்கையில் கொப்புளம். செபமாலை உருட்டியா கொப்புளம் வரும் என்றேன். விளக்குமாறு புதுசு என்றாள்.

ஆகஸ்டு 9

படகின் முன்மூக்கில் ஒரு முழத்துக்குச் சிராய்ப்பு. துறைச் சுவரின் நீலப் பெயின்ட் அப்பியிருக்கிறது. நான் போன மாதம் மோதினது வலப்பக்கம், இது இடப்பக்கம். ஆக, திருடன் எடுத்து ஓட்டுகிறான். அதுவும் நிறுத்தத் தெரியாத திருடன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஓட்டத் தெரிந்த ஒருத்தன் திருடினால்கூட மனசு ஆறும்.

என்ஜின் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். சாவியை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். என்னையும் பெர்பெத்துவையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஆகஸ்டு 13

பூட்டு அப்படியே இருக்கிறது. டீசல் குறைந்திருக்கிறது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆகஸ்டு 18, ஞாயிறு

தனியாகப் போனேன். பொழுது சாய்கிற நேரம், காற்று சுத்தமாக இல்லை. முயல் தீவுக்கு இந்தப் பக்கம் என்ஜினை நிறுத்திவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தேன். கடல் தட்டு மாதிரி கிடந்தது. பாய் தொங்கியது. புரொப்பல்லர் மடங்கியிருந்தது.

சுக்கான் கட்டை நடுங்கியது.

ஆகஸ்டு 24

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்டு 25, ஞாயிறு

ஒரு வாரமாக வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பெர்பெத்து காரணம் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்.

மாத்திரையை நேற்று விழுங்கவில்லை, வேண்டுமென்றேதான். அதனால் காலையில் விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பெர்பெத்து இல்லை. கொடியிறக்கி எத்தனையோ நாளாகிவிட்டது, இன்னும் என்ன செபமாலைக் கூட்டம்? மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். சாவியும் இல்லை.

துறைக்குப் போனபோது கொண்டல் கட்டின இடத்தில் இல்லை. வெளியே, விசைப்படகுகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. முன்னால் தொம்மை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் சுக்கானில் பெர்பெத்து. சேலையை இழுத்துச் செருகி, தலையில் என் பழைய டக் தொப்பியை வைத்துக்கொண்டு. அறுபது வயதில், கடலில் காலை நனைக்கவே தயங்குகிறவள்.

என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். வேகத்தைக் குறைத்தாள், ரிவர்ஸ் போட்டாள், சத்தம் மட்டும்தான் வந்தது. படகு நிற்காமல் வந்து என் காலடியில் சுவரில் முட்டியது. அதே இடப்பக்கம். தொம்மை குதித்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, எனக்குப் பட்டறையில் வேலை இருக்கிறது என்று நிற்காமல் போய்விட்டான். அவனை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அறிவிருக்கிறதா, தவறி விழுந்தால் என்ன ஆகும், ஊர் என்ன பேசும், எல்லாம் கேட்டேன். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் சொன்னத உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. சரி, படகையாவது ஓட்டப் படிப்போம்னு வந்தேன்" என்றாள்.

நான் படகில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. கொஞ்ச நாளாக அது அங்கேதான் இருக்கிறது. அவள் அதை வெளியே எடுத்துத் தன் மடியில் தொப்பியின் மேல் வைத்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். என்ஜின் ஓடவில்லை. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். தெரியும் என்றாள். அழுதாள். நானும் அழுதேன், எழுதினால் என்ன. பிறகு, ரிவர்ஸ் போட்டது எப்போது, சுவருக்கு எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். சொன்னாள். சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை.

ஆகஸ்டு 28

மடக்குப் புரொப்பல்லர் நல்ல கைக்கு ஏற்றது. கையில் சரக்கு இருக்க வேண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன், பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இந்தப் படகுக்கு எது சரி என்று இத்தனை நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டப்போவது யார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

படகை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன். பெர்பெத்துவிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

சொன்னேன். மணப்பாடும் வேண்டாம், படகும் வேண்டாம், இராயப்புவிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றேன். என் கையால் ஓட்டிவருகிறேன் என்று சவால் விட்டுவிட்டு, பெண்டாட்டி ஓட்ட நான் உட்கார்ந்துபோனால் அவன் மாட்டை மட்டுமா அவிழ்ப்பான், தொழுவத்தையே திறந்துவிடுவான்.

பெர்பெத்து மீன் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மணையை மடக்கிவைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும்.

"உங்க சவாலுக்கா நான் வாரேன்னு நெனச்சீங்க? எங்க வீட்டு ஆம்பளைங்க அத்தன பேரும் கடல்ல இருந்து எங்க ஊரைப் பாத்திருக்காங்க. கோயில் இப்படித் தெரியும், குன்று அப்படித் தெரியும்னு பேசுவாங்க. நாங்க பொம்பளைங்க சோறு போட்டுக்கிட்டே கேப்போம். எங்கம்மா பாக்காமலே செத்துப்போச்சு. நான் பாக்கணும்."

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்க எப்போ கேட்டீங்க என்றாள். மிச்ச மீனை அவள் அரியட்டும் என்று எழுந்து வாசலுக்குப் போனேன். கதவுக்கு முட்டாகப் பழைய மூன்று இலை கிடந்தது. குனிந்து விரலால் ஒவ்வொரு இலையாகத் தடவிப் பார்த்தேன். இடது கையால். எந்த இலையிலும் வளைவு இல்லை. முதலிலிருந்தே இல்லை.

செப்டம்பர் 3

தொம்மை மூன்று இலையை மாட்டிவிட்டான். ஏன் மாட்டச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. அவனை நான் திட்டவும் இல்லை.

மாலையில் பெர்பெத்து ஓட்டினாள், நான் எதிரே உட்கார்ந்தேன். பாயில் படகு மந்தம்தான், வாளியைக் கட்டி இழுக்கிற மாதிரிதான். அதற்கென்ன, அவசரமா? திரும்பி வந்து சுவரை நெருங்கியதும் ரிவர்ஸ் போட்டாள். மூன்று இலையும் தண்ணீரை அப்படியே கவ்வின. படகு மூச்சு விட்டு நின்றது, சுவருக்கு ஒரு சாண் முன்னால். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரிவர்ஸில் படகின் பின்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். நன்றாகச் செய்தாய் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். மறுபடி நாலு தடவை நிறுத்திப் பழகினாள். நாலாவது தடவை சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 12

டீசல், தண்ணீர், மிதவைச் சட்டை, புளிச்சோறு. மாத்திரை டப்பாவை அவள் வைத்துக்கொண்டாள். இராயப்பு போன் பண்ணி, கரையில் கூட்டமாக இருக்கும், என் வள்ளத்தைக் குடாவில் நங்கூரம் போட்டு வைக்கிறேன், அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும், வேடிக்கை பார்க்க எல்லோரையும் ஏற்றிவைக்கிறேன் என்றான். மாட்டுக்குத் தவிடும் வைப்பானாம். சரி வை என்றேன். கை வியர்த்துவிட்டது. போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி. மணப்பாடு

விடியும்போது புறப்பட்டோம். கரைக்காற்று பக்கவாட்டில் நன்றாக இருந்தது, பாயிலேயே ஓடினோம். பாய்க்கயிறு என் பொறுப்பு. இழுத்துப் பிடிக்கிற வேலைக்கு இந்தக் கை இன்னும் ஒத்துக்கொள்கிறது, சும்மா இருக்கும்போதுதான் அதற்குச் சேட்டை. காயல்பட்டினம் தாண்டினோம். திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்து, பின்னால் போயிற்று. அதற்குமேல் சோழகம் நேர் மூக்குக்கு அடித்தது. பாயை இறக்கி என்ஜினைப் போட்டோம். அலை தூக்கித் தூக்கிப் போட்டது, பெர்பெத்து ஒரு தடவை வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுக்கானைப் பிடித்தாள். நான் பிடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தேன். அதற்கும் மூடியை அவள்தான் திறக்க வேண்டியிருந்தது. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு எரிச்சல்.

மத்தியானத்துக்கு மேல் மணப்பாடு தெரிந்தது. முதலில் மணல் குன்று, பிறகு அதன் உச்சியில் சிலுவைக் கோயில், வெள்ளையாக. பெர்பெத்து எழுந்து நின்றுவிட்டாள். சுக்கானை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். நான் படகின் திசையைப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு சிறுசா தெரியுது எங்க ஊரு, அம்மாகிட்ட சொல்லணுமே என்றாள். பிறகுதான் அம்மா இல்லை என்பது ஞாபகம் வந்தது போல, உட்கார்ந்துவிட்டாள்.

குடாவுக்குள் திரும்பியதும் இராயப்புவின் வள்ளம் தெரிந்தது. வண்ணக் காகிதக் கொடி கட்டி, திருவிழா உடுப்பில் ஒரு பட்டாளமே நின்றது. குழந்தைகளும் இருந்தார்கள். பெர்பெத்து வேகத்தைக் குறைத்தாள். சுக்கான் கட்டையை என் பக்கம் நகர்த்தி, மெதுவான குரலில் சொன்னாள்.

"இன்னும் நம்ம முகம் அவங்களுக்குத் தெரியாது. நீங்க வந்து உக்காருங்க. நான் பக்கத்துல இருந்து சேத்துப் பிடிச்சுக்கிடுதேன். ஒருத்தருக்கும் தெரியாது."

பொய் சொல்ல மாட்டேன், ஆசையாக இருந்தது. அந்தக் கட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, ‘பார்த்தாயா’ என்று இராயப்புவைப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தப் படகையே வாங்கினேன். கையைக்கூட நீட்டிவிட்டேன். வள்ளத்தின் விளிம்பில் ஒரு சின்னப் பெண் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது.

"நீயே நிறுத்து" என்றேன். எழுந்து முன்பக்கம் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டேன்.

ரிவர்ஸ் போட்டாள். மூன்று இலையும் கவ்வின. பின்பக்கம் இடப்பக்கமாக ஒதுங்கியது, அதையும் கணக்குப் பண்ணித்தான் வந்திருக்கிறாள். கொண்டல் வள்ளத்தின் பக்கத்தில் போய் ஒட்டினாற்போல நின்றது. அந்தச் சின்னப் பெண் காலை மடக்கக்கூட இல்லை. நான் கயிற்றை எறிந்தேன். நன்றாக எறியவில்லை, பாதியில் தண்ணீரில் விழுந்தது. யாரோ குனிந்து எடுத்தார்கள்.

எல்லோரும் பெர்பெத்துவையே பார்த்தார்கள். இராயப்புதான் முதலில் வாயைத் திறந்தான். எதிர்பார்த்ததுதான்.

"என்ன மச்சான், அக்காகிட்ட சுக்கானக் குடுத்துட்டு நீரு கயிறு எறியுதீரு? மாடு மேய்க்கக்கூட ஆள் வச்சாச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஏறுவதற்கு அவன் கையை நீட்டினான். இடது கையைக் கொடுத்திருக்கலாம், இத்தனை மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். வலது கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அது என் முன்னால், அத்தனை பேர் முன்னால், காகிதக் கொடி மாதிரி ஆடியது. நான் மறைக்கவில்லை.

இராயப்புவின் சிரிப்பு அப்படியே நின்றது. கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினான். அதன்பிறகு கரைக்கு வரும்போது விடவில்லை, மணலில் நடக்கும்போது விடவில்லை, குன்றில் ஏறும்போதும் விடவில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், எங்க அக்கா தூத்துக்குடியில இருந்து படகு ஓட்டி வந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒருத்தன், மச்சான் என்ன செய்தார் என்று கேட்டான். இராயப்பு கொஞ்சம் யோசித்து, அவருதான் கூட்டிட்டு வந்தாரு என்றான்.

செப்டம்பர் 17. தூத்துக்குடி

வீட்டு வாசல் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. முட்டுக்கொடுக்க வேறு ஏதாவது பார்க்க வேண்டும். மடக்குப் புரொப்பல்லரை வைக்கலாம் என்றேன். அது மடங்கிவிடும் என்று பெர்பெத்து சொல்கிறாள்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாருக்குப் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதுகிற பெண் கேட்டது. எனக்கு என்றேன்.